சனிக்கிழமை ரிசப்ஷன், திங்கட்கிழமை படுக்கை: நாள்பட்ட சோர்வு நோயின் 'கிராஷ்' நாட்களைச் சமாளிப்பது எப்படி?

சனிக்கிழமை மாலை ஒரு கல்யாண ரிசப்ஷன். இரண்டு மணி நேரம் நின்று, பேசி, சாப்பிட்டுவிட்டு வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை எழுந்தால் கை கால் கல்லாகக் கனக்கிறது. தொண்டை வலிக்கிறது. போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனை முழுக்க நார்மல். "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இந்த ஒன்றிரண்டு நாள் தாமதம்தான் இந்த நோயின் அடையாளம். மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ் அல்லது நாள்பட்ட சோர்வு நோய்க்குறி என்று இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. மருத்துவ உலகம் இரண்டையும் சேர்த்து எம்.இ/சி.எஃப்.எஸ் என்று சுருக்குகிறது. கோவிட் வந்து போன பிறகு பல மாதங்கள் எழுந்திருக்க முடியாமல் போனவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பதும் இதுவே.

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. அதனால் நோயாளிக்கு அன்றாடத்தை எப்படி நடத்துவது என்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. தப்பாக நடத்தினால் உடம்பு இன்னும் மோசமாகும், சிலருக்கு அது நிரந்தரமாகவும் ஆகிவிடும்.

வெறும் டயர்டா, நோயா?

ஐ.டி. வேலை, இரவு ஷிஃப்ட், இரண்டு மணி நேர டிராஃபிக் என்று வாழும் ஒருவர் "நான் எப்பவுமே டயர்ட்" என்று சொல்வது வேறு, இது வேறு. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை தெளிவான வரையறை தந்தது. நோய்க்கு முன்பு செய்த வேலை, படிப்பு, சமூக வாழ்க்கையைச் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்து 6 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். உழைப்புக்குப் பிறகு உடல்நிலை சரிய வேண்டும். எவ்வளவு தூங்கினாலும் தூங்கி எழுந்த உணர்வு இருக்காது. இவற்றோடு மூளை மந்தம், அல்லது நிமிர்ந்து நின்றால் அறிகுறிகள் கூடுவது, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 6 வாரத்திலேயே சந்தேகிக்கலாம், 3 மாதத்தில் உறுதிசெய்யலாம் என்கிறது.

இந்தப் பட்டியலில் முக்கியமானது உழைப்புக்குப் பிந்தைய சரிவு. உழைப்பு என்றால் ஜிம் மட்டுமில்லை. தலைக்குக் குளித்தது, ஒரு மணி நேர வீடியோ கால், ஒரு சண்டை, ஒரு தேர்வு எல்லாமே கணக்கில் வரும். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து விளைவு தெரியும், நாட்கள் முதல் வாரங்கள் வரை நீடிக்கும். இதைத்தான் நோயாளிகள் 'கிராஷ்' என்கிறார்கள்.

இது மனப்பிரமை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பரிசோதனை இருக்கிறது. முகத்தில் மாஸ்க் மாட்டி சைக்கிள் மிதிக்கவிட்டு, உடல் எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்துகிறது என்று அளப்பார்கள். அடுத்த நாள் அதே சோதனையைத் திரும்பச் செய்வார்கள். ஆரோக்கியமானவருக்கும், உடற்பயிற்சியே செய்யாத சோம்பேறிக்கும்கூட இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரும். எம்.இ/சி.எஃப்.எஸ் நோயாளிகளைச் சோதித்த பல ஆய்வுகளில் இரண்டாம் நாள் அளவு இறங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்துவிட்டது.

இந்தியாவில் எத்தனை பேர்?

தேசிய குடும்ப நல ஆய்வு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2021-22 தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தவர்களில் 1.3 சதவீதம் பேர் தங்களுக்கு எம்.இ/சி.எஃப்.எஸ் இருப்பதாகத் தெரிவித்தார்கள். அந்த 1.3-ஐ நம் மக்கள்தொகையால் பெருக்கி ஒரு கோடிக்கணக்கை எழுதிவிடுவது ரொம்ப சுலபம், தலைப்பும் கிடைக்கும். ஆனால் நோயறியும் வசதி, வயது அமைப்பு, சுற்றும் கிருமிகள் எல்லாமே வேறாக இருக்கும் நாட்டுக்கு அந்தப் பெருக்கல் ஒத்துவராது.

நம் ஊரிலிருந்து ஒரு நல்ல எண் இருக்கிறது. விக்ரம் படேலும் சக ஆய்வாளர்களும் கோவாவில் 18 முதல் 50 வயதுப் பெண்களிடம் நடத்தி, 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்ற 2,494 பெண்களில் 12.1 சதவீதம் பேருக்கு 6 மாதத்துக்கு மேல் சோர்வு இருந்தது. ஹீமோகுளோபின் அளவுக்கும் அந்தச் சோர்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. மனநலப் பாதிப்பு, வீட்டில் பெண் என்பதால் அனுபவிக்கும் ஒடுக்குமுறை இவற்றோடுதான் வலுவான தொடர்பு இருந்தது. இதை 'கோவாவில் 12 சதவீதம் பேருக்கு எம்.இ/சி.எஃப்.எஸ்' என்று படித்தால் தப்பு. நாள்பட்ட சோர்வு ஓர் அறிகுறி, எம்.இ/சி.எஃப்.எஸ் ஒரு நோய். பெயர் ஒரே மாதிரி இருப்பதுதான் குழப்பத்துக்கே காரணம். நோயாளிகள் பலர் 'சோர்வு' என்ற சொல்லையே வெறுப்பதற்கும் அதுதான் காரணம்.

நமக்குப் பொருந்தக்கூடிய இன்னொரு ஆய்வு ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் நடந்தது, 2006-இல் வெளியானது. மூன்று வகைத் தொற்று வந்த 253 பேரைப் பின்தொடர்ந்தபோது, 6 மாதம் கழித்து 11 சதவீதம் பேர் நாள்பட்ட சோர்வு நோய்க்குறியின் வரையறைக்குள் வந்தார்கள். அந்த மூன்று தொற்றுகளில் ஒன்று ராஸ் ரிவர் வைரஸ். கொசு பரப்பும் வைரஸ், நம்மூர் சிக்குன்குனியாவின் உறவுக்கார வைரஸ். ஒவ்வொரு மழைக்காலமும் நமக்கு என்னென்ன காய்ச்சல் வருகிறது என்பதை நினைத்தால் இந்த எண் சும்மா கடந்துபோகிற எண் இல்லை.

"கொஞ்சம் நடந்தா சரியாயிடும்"

அம்மா மட்டுமில்லை, மருத்துவர்களும் நீண்டகாலம் இதையே சொன்னார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது பிரிட்டனின் பேஸ் ஆய்வு. 641 நோயாளிகள், சுமார் 50 லட்சம் பவுண்ட் செலவு, 2011-இல் லான்செட் இதழில் முடிவு. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதும், எண்ணங்களை மாற்றும் பேச்சு சிகிச்சையும் பலன் தருகின்றன என்றார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் குணமடைந்ததாகப் பின்னர் இன்னொரு கட்டுரை வந்தது.

கோளாறு கணக்கில் இருந்தது. உடல் செயல்பாட்டை 100-க்கு மதிப்பிடும் ஓர் அளவுகோலில் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். முடிவில் 60 எடுத்தால் அந்த அளவுகோலில் 'குணமானவர்'. அதாவது 65-இல் உள்ளே வந்து 60-க்கு இறங்கிய ஒருவர், மோசமானபிறகும் அந்த இடத்தில் தேறியவராகக் கணக்கிடப்படலாம். பள்ளிக்கூடத்தில் 65-க்கு ஃபெயில், 60-க்கு பாஸ் என்று யாராவது போட்டால் பெற்றோர் சும்மா விடுவார்களா? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அலெம் மாத்தீஸ் என்ற நோயாளி தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூலத் தரவைக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. 2016-இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. ஆய்வாளர்கள் முதலில் தாங்களே அறிவித்திருந்த வரையறைப்படி மறுபடி கணக்கிட்டபோது குணமானவர்களின் விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

2021 அக்டோபரில் நைஸ் தன் வழிகாட்டுதலை மாற்றி, உடற்பயிற்சியைக் குணப்படுத்தும் சிகிச்சையாக எம்.இ/சி.எஃப்.எஸ் நோயாளிகளுக்குத் தரக் கூடாது என்று சொன்னது. பேச்சு சிகிச்சை நோயோடு வாழ உதவும் துணையாக மட்டும் இருக்கலாம். உங்கள் மருத்துவர் பழைய பாடத்தில் நின்றுகொண்டு வாக்கிங்கைக் கூட்டச் சொன்னால், இந்த 2021 வழிகாட்டுதலை அச்செடுத்து மேசையில் வைப்பதில் தப்பே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மனச்சோர்வு இருப்பவருக்கு எதையும் செய்யத் தோன்றாது. எம்.இ/சி.எஃப்.எஸ் இருப்பவரிடம் நாளைக்கு உடம்பு சரியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரிய பட்டியலே வரும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம், அப்போது இரண்டுக்கும் சிகிச்சை தேவை.

கிராஷ் வந்த முதல் நாட்கள்

முதல் விதி, எதையும் முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. பாதி நறுக்கிய வெங்காயம் பாதியிலேயே இருக்கட்டும். தள்ளித் தள்ளி முடிக்கிற அந்தக் கடைசி இருபது நிமிடத்துக்கு இரண்டு நாள் கூடுதல் வட்டி கட்ட நேரிடும்.

படுப்பது என்றால் போனைப் பார்த்துக்கொண்டே படுப்பது இல்லை. ரீல்ஸ் பார்ப்பதும் மூளைக்கு வேலைதான். வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலையில் ஜன்னலுக்குக் கனமான திரை, கண்ணுக்கு மாஸ்க், காதுக்கு பஞ்சு அல்லது இயர்பிளக் போதும். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம்கூட உடம்பை உலுக்கும். ஃபேன் சத்தம் தொந்தரவு என்றால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மெசேஜ்களுக்குப் பதில் போட ஒரே ஒரு வரியை நல்ல நாளிலேயே எழுதி போனில் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது: "உடம்பு சரியில்லை, சில நாட்கள் பதில் தாமதமாகும், பயப்பட வேண்டாம்." கிராஷ் நடுவில் வாக்கியம் அமைப்பதே பெரிய வேலை.

குளியல்தான் பலரும் குறைத்து மதிப்பிடும் செலவு. நிற்க வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், வெந்நீர் ரத்தக் குழாய்களை விரிக்கும், பிறகு துவட்டி உடுத்த வேண்டும். மோசமான நாளில் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டால் போதும், யாரும் அபராதம் போடமாட்டார்கள். குளிக்கத்தான் வேண்டுமென்றால் பாத்ரூமில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில், தலைக்கு ஊற்றாமல். தலைக்குக் குளிப்பதைத் தனி நாளுக்கு வையுங்கள், அன்றைக்கு வேறு பெரிய வேலை எதுவும் வேண்டாம். பல் தேய்ப்பதையும் உட்கார்ந்தே செய்யலாம். மாடியில் துணி காயப்போடுவது இதைவிட மோசம்: படி, வெயில், தூக்கிய கை மூன்றும் சேர்ந்த வேலை. யாராவது செய்யட்டும், அல்லது துணி அழுக்காகவே கிடக்கட்டும்.

சாப்பாட்டில் லட்சியம் வேண்டாம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் நல்ல நாளில் கொஞ்சம் கூடுதலாகச் செய்து ஒருவேளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். பாக்கெட் இட்லி மாவு, அவல், சத்துமாவுக் கஞ்சி, தயிர், வாழைப்பழம், வேகவைத்த முட்டை, வறுத்த வேர்க்கடலை என்று அடுப்பு அதிகம் கேட்காத பொருட்கள் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கட்டில் பக்கத்தில் ஒரு கூடை வைத்து அதில் தண்ணீர் பாட்டில், பிளாஸ்கில் கஞ்சி, மாத்திரை, சார்ஜர், பிஸ்கட் எல்லாம் கைக்கெட்டும்படி வையுங்கள். சமைத்தே தீரவேண்டும் என்றால் சமையலறையில் ஒரு உயரமான ஸ்டூல், அருவாமனைக்கும் கத்திக்கும் பதில் வெட்டியே விற்கும் காய். இதற்குக் கொஞ்சம் காசு கூட ஆகும். ஆனால் கிராஷில் போகும் சம்பள நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிமிர்ந்தால் தலை சுற்றி, இதயம் படபடக்கும் பிரச்சினை இந்த நோயில் சாதாரணம். இதை வீட்டிலேயே கவனிக்கலாம். படுத்திருக்கும்போது நாடித்துடிப்பைக் குறித்து, பிறகு சுவரில் சாய்ந்து 10 நிமிடம் நின்றபடி நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பது. பெரியவர்களுக்கு 30-க்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருந்தால் அது பாட்ஸ் எனப்படும் நிலையாக இருக்கலாம். மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள், இதற்கு மருந்து உண்டு. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், கிராஷ் நாளில் செய்ய வேண்டாம். கூடுதல் தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., உப்பு, இறுக்கமான கம்ப்ரஷன் சாக்ஸ் இவை பலருக்கு உதவுகின்றன. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

எல்லாவற்றையும் கிராஷ் என்று நினைக்காதீர்கள்

நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த பிறகு வரும் ஆபத்து இது. எது வந்தாலும் "அதுதான்" என்று விட்டுவிடுவோம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயங்கி விழுவது, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சு குழறுவது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் உடை நனையும் அளவு வியர்வை, ரத்தம் போவது என்று எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோயை ஒருபோதும் மறக்கக் கூடாது. உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

தீவிர நிலையில் விழுங்கவே முடியாமல் போகலாம். இங்கிலாந்தின் மேவ் பூத்பி ஓ'நீல் 2021-இல் 27 வயதில் இறந்தார். தீவிர எம்.இ-யால் உண்ண முடியாமல் ஊட்டச்சத்து குறைந்து இறந்ததாக 2024-இல் நடந்த விசாரணையில் தெரியவந்தது. சாப்பாடும் தண்ணீரும் இறங்காத கிராஷை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னும் நோயறியப்படாதவர் என்றால் முதலில் மற்றவற்றை விலக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி, கல்லீரல், சிறுநீரகம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சீலியாக் நோய் என்று வரிசை நீளும். 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 குடும்ப நல ஆய்வு. அதனால் ரத்தசோகை கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடும் வாய்ப்பும் இங்கே அதிகம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் கிராஷ் தொடர்ந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

பேட்டரி கணக்கு

கிராஷைத் தடுக்கும் முறைக்கு 'பேசிங்' என்று பெயர். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக உளவியலாளர் லியனார்ட் ஜேசன் இதை ஆற்றல் உறை என்று விளக்கினார். இன்றைக்கு உடம்பில் இருக்கும் ஆற்றலுக்குள் செலவை அடக்குவது. மாதக் கடைசி பட்ஜெட் மாதிரி, ஒரே வித்தியாசம் இதில் கிரெடிட் கார்டு கிடையாது.

சொல்வது எளிது. நடைமுறையில் மூன்று விஷயம் உதவுகிறது. ஒன்று, வேலையை உடைப்பது. அரைமணி நேர வேலையை மூன்று பத்து நிமிடங்களாக்கி நடுவில் கண்மூடிப் படுப்பது. களைத்தபிறகு ஓய்வு எடுப்பது தாமதம், களைக்கும் முன்பே எடுக்க வேண்டும். அலாரம் வைத்துக்கொள்ளாமல் இது யாருக்கும் வராது, ஏனென்றால் வேலை நன்றாகப் போகும்போதுதான் நிறுத்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நாடித்துடிப்பு. 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 60 சதவீதத்தை மேல் எல்லையாக வைப்பது நோயாளிகளிடையே புழங்கும் ஒரு வழி. 32 வயது என்றால் 188, அதில் 60 சதவீதம் சுமார் 113. ஸ்மார்ட்வாட்சில் அந்த எண்ணுக்கு அலர்ட் வைத்தால் மாடிப்படியின் பாதியிலேயே அது அடிப்பதைப் பார்ப்பீர்கள். இது தோராயம்தான். சிலருக்கு இதைவிடக் குறைந்த எல்லை தேவை, பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

மூன்றாவது, குறிப்பு. நாளுக்கு ஒரு வரி: என்ன செய்தேன், 10-க்கு எத்தனை. மூன்று வாரம் போதும். தாமதமாக வரும் கிராஷ் என்பதால் செவ்வாய்க்கிழமை கிராஷுக்குக் காரணத்தைச் செவ்வாயில் தேடாமல் ஞாயிறு, திங்களில் தேடுங்கள். தரவு வேலை செய்கிற எனக்கு எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் பதினாறு காலத்தில் போடத் தோன்றும். வேண்டாம். ஷீட்டை நிரப்பும் வேலையே ஆற்றலைத் தின்னும், நோட்டில் ஒரு எண் எழுதினால் போதும்.

வேலையை எப்படிக் காப்பாற்றுவது?

இளைஞர்களுக்கு உடம்புக்கு அடுத்து பெரிய பயம் இதுதான். விடுப்பு கணக்கைப் பார்த்தாலே புரியும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. இரண்டு பெரிய கிராஷ் வந்தால் அது காலி. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் நோய்ப் பலனாகக் கிடைக்கும். ஆனால் சம்பள வரம்பு காரணமாக ஐ.டி., வங்கி வேலையில் இருப்பவர்கள் பலர் அதற்குள் வரமாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 பிரிவுகளில் எம்.இ/சி.எஃப்.எஸ் பெயர் சொல்லி இல்லை. நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்ற பிரிவு இருக்கிறது, ஆனால் சான்றிதழ் வாங்குவது எளிதில்லை. இங்கே 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த விகாஷ் குமார் தீர்ப்பு முக்கியமானது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள அவருக்கு 40 சதவீத ஊனம் இல்லை என்று சொல்லி யு.பி.எஸ்.சி. தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்டார். 40 சதவீதம் என்ற அளவு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு, நியாயமான வசதி கேட்கும் உரிமை அதைவிட அகலமானது என்றது நீதிமன்றம். எம்.இ/சி.எஃப்.எஸ் பற்றிய தீர்ப்பு இல்லைதான், ஆனால் வாதத்துக்குக் கதவு திறக்கிறது. அரசு நிறுவனங்கள் நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். உங்கள் ஹெச்.ஆரிடம் அதன் நகலைக் கேளுங்கள்.

கேட்கும்போது நோயின் பெயரை விளக்குவதைவிட வேலை எப்படி நடக்கும் என்பதை எழுதுவது பலன் தரும். மேனேஜருக்குத் தேவை உங்கள் மைட்டோகாண்ட்ரியா இல்லை, டெட்லைன். வாரத்தில் இத்தனை நாள் வீட்டிலிருந்து, மீட்டிங் அடுத்தடுத்து வேண்டாம், கேமரா அணைத்துக்கொள்கிறேன், முடிவுகள் எழுத்தில் வரட்டும், மதியம் ஒரு மணி நேர இடைவெளி, அதை மாலையில் ஈடுகட்டுகிறேன் என்ற மாதிரி. தினசரி 'ஸ்டாண்ட்-அப்' மீட்டிங்கில் உட்கார்ந்துகொள்ளவும் அனுமதி கேட்கலாம், சிரிக்காதீர்கள், நிஜமாகவே வித்தியாசம் தெரியும். மருத்துவர் கடிதத்தில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதினால் போதாது. 'உழைப்புக்குப் பிறகு நிலை மோசமாகும், அதனால் இந்த மாற்றங்கள் தேவை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். ராஜினாமா கடிதத்தை மட்டும் கிராஷ் நாளில் அனுப்ப வேண்டாம்.

வீட்டில் என்ன சொல்வது?

"எனக்கு முடியல" என்றால் அவர்கள் ஆறுதல் சொல்வார்கள். "நாளைக்கு நான் எழுந்திருக்க மாட்டேன், அதனால இன்னைக்கு வரல" என்றால்தான் புரியும். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் நலம் விசாரிப்பதும் ஒரு செலவு. பத்து நிமிடம், படுத்தபடியே என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டால் அது பெரிய உதவி. உதவ விரும்புகிறவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மாவு வாங்கித் தா, புதன்கிழமை மருந்துக்கடைக்குப் போய் வா. பெண்களுக்கு இது இரண்டு மடங்கு கடினம். நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது, வீட்டு வேலையும் அவர்கள் தலையிலேயே இருக்கிறது.

சிகிச்சை பற்றி விளம்பரங்கள் நிறைய வரும். 'முழுமையாகக் குணப்படுத்துவோம்' என்று முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். நேர்மையான செய்தி மெதுவாகத்தான் வருகிறது. பிரிட்டனின் டீகோட்-எம்.இ ஆய்வு 2025 ஆகஸ்டில் 15,579 நோயாளிகளின் மரபணுவை ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 8 மரபணு இடங்களை அறிவித்தது. அங்கிருந்து மருந்துவரை தூரம் அதிகம். ஆனால் தூக்கம், வலி, தலைசுற்றல் இவற்றுக்குத் தனித்தனியாக இன்றே சிகிச்சை உண்டு.

கிராஷ் விட்ட பிறகு

ஆபத்தான நாள் முதல் நல்ல நாள்தான். பத்து நாள் கழித்து உடம்பு லேசாகும். சிங்க்கில் பாத்திரம், மூலையில் துணி, இன்பாக்ஸில் 200 மெயில். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கத் தோன்றும், முடித்தால் மூன்றாம் நாள் மறுபடி படுக்கை. நோயாளிகள் இதை ஏற்ற இறக்கச் சுழல் என்கிறார்கள்.

அதனால் முடியும் என்று தோன்றுவதில் பாதியை மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் அதே அளவில் இருந்து உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்தபிறகு ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நடையைக் கூட்டினால் கால்களைக் கூட்டாதீர்கள், அலுவலகம் போனால் அன்று மாலை கடைக்குப் போகாதீர்கள். முதல் வாரம் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் நின்று போவதைவிட ஆட்டோவில் போய், தரைத்தளத்திலோ லிஃப்ட் பக்கத்திலோ ஒரு இருக்கை கேட்டு வாங்கி, மதியம் படுக்க ஓர் அறை இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.